பக்கத்து இருக்கையில் ஒரு கறுப்புச் சதுரம்

இருக்கைப் பட்டை அணியப்படவில்லை என்று எச்சரிக்கும் அந்த மெல்லிய மணியோசை, ஒகினோ செய்ஜியின் காரில் இலையுதிர் காலத்தின் நடுவில் ஒலிக்கத் தொடங்கியது. அவர் தம் பட்டையை ஒழுங்காக அணிந்திருந்தார். எச்சரிக்கை பக்கத்து இருக்கைக்கானது; அங்கோ ஒரு குடைகூட இல்லை. பழுது பார்ப்பவர் இருமுறை சோதித்துவிட்டு, குறை எதுவும் தென்படவில்லை என்று கைவிரித்தார். ஆகவே ஒகினோ, வெற்றிருக்கையின் குறுக்கே பட்டையை இழுத்துப் பூட்டிவிட்டு வண்டியை எடுப்பதை வழக்கமாக்கிக்கொண்டார். பூட்டியதும் மணி அடங்கும். அதன்பின் கண்ணாடியில் வழியும் மழையின் ஓசையும், எங்கிருந்து வந்ததென்று புலப்படாத ஊறவைத்த சோயாவின் பச்சை வாடையும் மட்டுமே காருக்குள் எஞ்சும்.

நவம்பரில் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. கடற்கரைப் புறவழிச் சாலையின் வேகக் கேமரா அவரைப் படம் பிடித்திருந்தது. கேமராவின் சிவப்பு மின்னல் அவருக்கு நினைவிருந்தது. ஆனால் வேகமாகச் சென்றது நினைவில் இல்லை.

போக்குவரத்துப் பிரிவின் குசாகா, அவ்வூருக்கு மாற்றலாகி ஒரு மாதமே ஆன அதிகாரி. மேசைமீது ஒரு படத்தை வைத்தார்.

"இது நீங்கதானே, தலைவரே?"

கடைவீதிச் சங்கத் தலைவரான அவரை ஊரில் எல்லோரும் அப்படித்தான் அழைத்தார்கள். "நான்தான்" என்றார் ஒகினோ. படத்தில் அவர் முகம் தெளிவாக இருந்தது. பக்கத்து இருக்கையின் தலைப்பகுதியை ஒரு கறுப்புச் சதுரம் மறைத்திருந்தது.

"அது எங்க வழக்கம்ங்க. கூட வர்றவங்க முகத்தைக் காட்டமாட்டோம். இல்லன்னா எத்தனை வீட்டுல தட்டு பறக்கும்! பயப்படாதீங்க, வீட்டம்மாகிட்ட நான் வாயே திறக்கமாட்டேன்."

"நான் தனியாத்தான் வந்தேன்."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க" என்று சிரித்த குசாகா, இரண்டாவது படத்தை எடுத்தார். அதே சாலை, அடுத்த வாரம். சதுரம் இப்போது இருக்கையில் இல்லை. ஒகினோவின் தோளருகே நகர்ந்திருந்தது. அதன் கீழே தெரிந்த பட்டை, வெற்றிருக்கையின் மீது தட்டையாகப் படியாமல், ஒரு மார்பின் மேல் கிடப்பதுபோல வளைந்திருந்தது.

மூன்றாவது படத்தில் சதுரம் அவர் காதைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"ரகசியம் பேசுறாங்க போலிருக்கு" என்றார் குசாகா.

"அந்தக் கறுப்பை எடுங்க. யாருன்னு நான் பார்க்கணும்."

"அது முடியாதுங்க."

"ஆணா, பெண்ணா? அதையாவது சொல்லுங்க, தம்பி."

குரலில் இருந்த நடுக்கம் குசாகாவின் சிரிப்பை அடக்கிற்று. தம்மிடமிருந்த மறைக்கப்படாத படியைப் புரட்டிப் பார்த்தார். "வயசான அம்மா. ஏன், உங்களுக்குத் தெரியாதா? மடியில மஞ்சக் கொடி வச்சிருக்காங்க."

சோயாவை அரைத்து டோஃபு கட்டி விற்கும் கடைக்காரரின் மனைவி தெராய் ஃபுமியே, பள்ளி விட்டதும் கடைவீதிச் சந்திப்பில் மஞ்சள் கொடியுடன் நின்று குழந்தைகளைக் கடக்கச் செய்துவந்தவர். அந்தச் சந்திப்பில்தான் முன்பு கேமரா இருந்தது. வாடிக்கையாளர்கள் அதற்கு அஞ்சி ஊருக்கு வெளியிலுள்ள பெருங்கடைகளை நாடுகிறார்கள் என்று கையொப்பம் திரட்டி, அதைப் புறவழிச் சாலைக்கு மாற்றச் செய்தவர் ஒகினோ. சங்கக் கூட்டத்தில் ஃபுமியே ஒருவர் மட்டுமே எழுந்து நின்றார்.

"அது இருக்குங்கிற பயத்துலதான் வண்டி நிக்குது, தலைவரே."

"நீங்க கொடி பிடிக்கிறப்ப கேமரா எதுக்கு, அக்கா? உங்க முகத்தைப் பார்த்தாலே லாரி நின்னுடும்" என்றார் ஒகினோ. கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. ஃபுமியேயும் சிரித்துவிட்டு உட்கார்ந்தார்.

மார்ச் மாதத்தில் ஒரு லாரி சிவப்பு விளக்கை மதிக்காமல் வந்தது. ஃபுமியேயின் கொடியைக் கண்டும் நிற்கவில்லை.

எவரும் ஒகினோவைக் குறை கூறவில்லை. மனைவியை இழந்த டோஃபு கடைக்காரர் தெராய், முன்போலவே அவருக்கு வணக்கம் சொன்னார். அந்த வணக்கத்தைத்தான் ஒகினோவால் தாங்க இயலவில்லை. ஒகினோவின் மனைவி மசாயோ மட்டும், ஏப்ரல் மாதத்தில் அந்தக் கொடியைக் கையில் எடுத்தாள். "யாராவது நிக்கணுமில்ல?" என்றாள், அவர் முகத்தைப் பாராமல்.

இன்று அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். அவளை அந்தச் சந்திப்பிலிருந்து அழைத்துவர வேண்டும். கேமராவைத் திரும்பக் கேட்டு முதல் கையொப்பத்தைத் தாமே இட வேண்டும். இவ்வாறு எண்ணியபடி, காவல் நிலையத்தின் வாசலில் சரிந்து பெய்துகொண்டிருந்த மழையைக் கடந்து, அவர் காரில் ஏறினார். பள்ளி விடும் நேரம் நெருங்கியிருந்தது. மேகம் கவிந்து, மாலைக்கு முன்பே இருள் கூடியிருந்தது.

மணி ஒலிக்கவில்லை. பக்கத்துப் பட்டை ஏற்கெனவே பூட்டப்பட்டிருந்தது.

அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. வண்டியை எடுத்து, சாலையை மட்டும் பார்த்தார். சோயாவின் வாடை கனத்தது. காதோரம் ஈரமான ஒரு மூச்சு, வந்தது, போயிற்று, மீண்டும் வந்தது.

"மன்னிச்சிடுங்க, அக்கா" என்றார்.

மூச்சு நின்றது.

பிறகு, முடுக்கியை மிதித்திருந்த அவர் வலது காலின்மேல் ஏதோ படிந்தது. குளிர்ந்தது. நனைந்த ரப்பர் காலணி. அது மெல்ல அழுத்தியது. அவர் காலை இழுத்தார். வரவில்லை. கைபிரேக்கைப் பற்றினார். அசையவில்லை. மீன் கடை. மருந்துக் கடை. வேகமானியின் முள் ஏறிக்கொண்டே இருந்தது. ஒலிப்பானை அடித்தார். ஓசை இல்லை.

சந்திப்பு. சிவப்பு விளக்கு.

குழந்தைகளை அக்கரை சேர்த்துவிட்டு, கோடுகளின் நடுவே மசாயோ திரும்பி வந்துகொண்டிருந்தாள். காரை அடையாளம் கண்டு முகம் மலர்ந்தாள். அவள் பார்வை அவரைவிட்டு நகர்ந்து, பக்கத்து இருக்கையில் நிலைத்தது. நடை நின்றது.

நெடுநாள் காணாத ஒருவரைக் கண்டவள்போல், மஞ்சள் கொடியை மார்போடு அணைத்து, அவள் அந்த இருக்கையை நோக்கி ஆழமாகத் தலைவணங்கினாள். நிமிரவில்லை.