கதிரையில் தங்கிய நிழல்

மகள் ஆனைஸ் எழுந்து, பையைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன பிறகும், அவள் இருந்த கதிரைக்குப் பின்னால் சுவரில் அவளுடைய நிழல் அப்படியே உட்கார்ந்திருந்தது.

ஷிரோமி கோப்பை கழுவுவதை நிறுத்தினாள். பின்னிய சடை, குனிந்த தலை, எழுதுகிற கை. வெளியே மழை மப்பு மூடிக் கிடந்தது. நிழல் விழ வெயிலே இல்லை.

"அது ஈரம் பிடிச்சது," என்றான் கணவன் டெனிஸ்டன், கடைக்குப் போகச் சப்பாத்தைக் கட்டியபடி. "லாச்சப்பல் தெருவிலை இருக்கிற எங்கடை சனம் அறிஞ்சால் அற்புதமெண்டு மெழுகுதிரியோடை வந்திடும். வீட்டுக்காரனுக்குச் சொல்லுவம்."

அவன் போய்விட்டான். நேற்று அந்தக் கதிரையில் இருந்துதான் மகள் வகுப்பு விவாதத்துக்கு எழுதிக்கொண்டிருந்தாள். ஹிரோஷிமாவில் அணுகுண்டு போட எடுத்த முடிவு சரி என்று அவள் பேச வேண்டும்.

"போடாட்டிச் சண்டை இழுபட்டு இன்னும் கனபேர் செத்திருப்பினம், அம்மா. நானெண்டாலும் போட்டிருப்பன்."

"கீழை ஆர் இருக்கினம் எண்டு பாத்தே போடுவாய்?"

"மேலையிருந்து பாத்தால் ஒருத்தரும் தெரியாதுதானே."

ஷிரோமி கொப்பியில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தாள்: குண்டின் வெளிச்சத்தில் அழிந்துபோன ஒருவரின் நிழல் மட்டும் கல்படியில் பதிந்திருந்தது. யாழ்ப்பாணத்தில், எட்டு வயதில், விமானம் இரையும்போதெல்லாம் அவள் பதுங்குகுழிக்குள் குப்புற விழுந்து, வாயைத் திறந்து, காதைப் பொத்திக்கொண்டு கிடந்திருக்கிறாள். மேலே இருந்தவனுக்கு அவளும் தெரிந்திருக்க மாட்டாள்.

கறை வெளுக்கிற ஜவெல் ஊற்றிச் சுவரைத் தேய்த்தாள். அந்த நெடியும், கீழ்க்கடையில் வெங்காயம் தாளிக்கிற வாசமும் சேர்ந்து நெஞ்சை அடைக்க, மேம்பாலத்து மெத்ரோ ரயில் போகும்போதெல்லாம் சன்னல் கண்ணாடி நடுங்கியது, கோப்பைகள் நடுங்கின. நிழல் மட்டும் அசையவில்லை. தேய்க்கத் தேய்க்கக் கறுத்தது. கதிரையைத் தூக்கிப் படுக்கையறைக்குள் வைத்தாள். கதிரை இல்லாமலும் அது உட்கார்ந்திருந்தது.

பிள்ளை அந்த இடத்தில் இருக்கக்கூடாது. அது போதும்.

அன்று புதன்கிழமை, அரைநாள் பள்ளிக்கூடம். பன்னிரண்டுக்குச் சற்றுமுன் ஆனைஸ் வந்தாள். "கதிரை எங்கை?" ஷிரோமி கையைத் துடைத்துத் திரும்புவதற்குள் அவளே அதைத் தூக்கி வந்து போட்டு இருந்துவிட்டாள்.

சைரன் ஊதியது.

"எழும்பு!"

"செ றியான், ஒண்டுமில்லை அம்மா. மாசத்து முதல் புதன் எல்லோ, சைரனைச் சோதிச்சுப் பாக்கினம். ஒருக்கா ஊதி ஓயும்." கொப்பியில் குனிந்தாள்.

அவளுடைய சடை சுவர் நிழலின் சடையோடு பொருந்தியது. கை கையோடு.

சன்னல் வெளுத்தது.

ஷிரோமி பாய்ந்தாள். இழுத்தாள். மேசைக்குக் கீழே. குப்புற.

"வாயைத் திற! காதைப் பொத்து!"

மகளின் மேல் கவிழ்ந்து தன் காதையும் பொத்திக்கொண்டாள்.

சைரன் ஓய்ந்தது. வெங்காய வாசம்.

"உங்களுக்கு விசர், அம்மா!" ஆனைஸ் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஷிரோமி வெளியே வந்து சுவரைப் பார்த்தாள். வெள்ளை. துப்புரவான வெள்ளை. அழுகையும் சிரிப்புமாக மகளைக் கைபிடித்துத் தூக்கினாள்.

ஆனைஸின் சிரிப்பு நின்றது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேசைக்குக் கீழே இரண்டு நிழல்கள் குப்புறக் கிடந்தன. அடியில் சின்னது. மேலே பெரியது. நான்கு முழங்கைகளும் காதோரம் மடிந்திருந்தன.

வெளியே சைரன் இரண்டாம் முறையாக ஊதத் தொடங்கியது.