காற்றாலையின் நான்கு பாய்கள்

"சாயங்காலம் என் புருஷனைச் சுடப் போறாங்க ஐயா. பத்திரிகைக்காரர் சொன்னா கேப்டன் கேப்பாருன்னாங்க" என்றாள் ஹத்திஜே.

துருக்கியப் படை பின்வாங்கி, லூலே புர்காஸ் ஊர் பல்கேரியர் கைக்கு வந்திருந்த நேரம். சோபியா நகர நாளிதழின் செய்தியாளர் ஸ்லாவி மின்கோவ் பேனாவை வைத்துவிட்டு அவளை உட்காரச் சொன்னார்.

அவள் கணவன் ரெஜெப், மேட்டில் காற்றாலை வைத்து மாவு அரைப்பவர். சண்டையின் மூன்றாம் நாள் அவர் ஆலையைச் சுற்றவிட்டும் நிறுத்தியும் துருக்கியப் பீரங்கிகளுக்குச் சைகை காட்டியதாக, வியன்னாவிலிருந்து வந்த செய்தியாளர் லின்ட்னர் சாட்சி சொல்லியிருந்தார்.

"முதல் நாளே இறக்கையில கட்டின துணிப் பாயெல்லாம் கழட்டிட்டாரு. அடிபட்டவங்களைத் தூக்கத் துணி வேணும்ல? எந்தப் படைன்னுகூட அவர் பாக்கல. இப்ப வெறும் சட்டம்தான் நிக்குது. குத்தத்தை மறைக்கத்தான் கழட்டினான்னு கேப்டன் சொல்றாரு."

"நான் வந்து கேக்கறேன் அண்ணே" என்று மூலைக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான் புகைப்படக்காரன் டோப்ரி. முதல் நாள் காலையிலேயே தடையை மீறி மேட்டுப் பக்கம் போய்க் காலில் குண்டு பட்டவன். அடியில் விரித்திருந்த முரட்டுத் துணியிலிருந்து கோட்டில் ஒட்டிய வெள்ளைத் தூளைத் தட்டினான். "இந்தச் சுண்ணாம்பு வேற."

"துணி ஏதுடா?"

"என்னைச் சுத்தித் தூக்கிட்டு வந்தது. யாருன்னு முகம்கூடத் தெரியல. ஒரு நன்றி சொல்ல முடியலையேன்னு மனசு அடிச்சுக்குது."

ஸ்லாவி துணியின் ஓரத்தைத் தடவினார். தையலைப் பிரித்து முகர்ந்தார்.

"ஊன்றுகட்டையை எடுத்துக்கோ. இதையும் சுருட்டு. கேப்டன்கிட்ட போவோம்."

கேப்டனின் அறையில் லின்ட்னரும் இருந்தார்.

"ஆலையைத் தெளிவா பாத்தீங்களா?" என்று கேட்டார் ஸ்லாவி.

"என் கண்ணால. நாலு இறக்கையிலும் வெள்ளைப் பாய் விரிஞ்சிருந்தது."

"நாலிலுமா?"

"நாலிலும்தான்."

ஸ்லாவி துணியை மேசைமேல் விரித்தார். "கேப்டன், ஓரம் முழுக்கக் கயிறு கோக்கற ஓட்டை. ஆலைச் சட்டத்துல வெச்சுப் பாருங்க, அதுல இருக்கற முளைக்கு ஓட்டை சரியா பொருந்தும். தையலுக்குள்ள இருக்கறது சுண்ணாம்பு இல்ல, கோதுமை மாவு. முதல் நாள் காலையிலேருந்து இது டோப்ரிக்கு அடியிலதான் கிடக்கு. ஆஸ்பத்திரி வைத்தியரும் சொல்வாரு. அப்ப மூணாம் நாள் நாலாவது பாய் எங்கேருந்து வந்தது?"

கேப்டன் ஆளை அனுப்பிப் பொருத்திப் பார்க்கச் சொன்னார். போனவன் திரும்பி வந்து, பொருந்துகிறது என்று தலையசைக்கும்வரை லின்ட்னர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்களைச் சண்டை நடந்த இடத்துக்கு விடவே இல்லையே" என்றார் கடைசியில். "விடுதியில ஒருத்தன் சொன்னான். நான் பாத்ததா எழுதிட்டேன். அப்புறம் மாத்திச் சொல்ல முடியல."

"நானும் அதே விடுதியிலதான் அடைபட்டுக் கிடந்தேன்" என்றார் ஸ்லாவி. "பாக்கலைன்னு எழுதினேன். கேவலமாத்தான் இருந்தது. ஆனா யாரும் சாகல."

ரெஜெப்பின் கையில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். டோப்ரி ஊன்றுகட்டையோடு அவர் முன்னால் போய் நின்றான்.

ரெஜெப் அவனை உற்றுப் பார்த்தார். "கால் எப்படி இருக்கு?"

"இருக்குங்க ஐயா. உங்களாலதான் இருக்கு."

"மேட்டுலேருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் என்னைத் திட்டிக்கிட்டே வந்தே தம்பி. எங்கம்மாவைக்கூட விடல. இவ்வளவு வாய் இருக்கறவன் பொழைச்சுக்குவான்னு அப்பவே நினைச்சேன்."

ஹத்திஜே அழுதுகொண்டே சிரித்தாள். டோப்ரி குனிந்து, கயிறு அறுத்த தடத்தோடு இருந்த ரெஜெப்பின் கையை முத்தமிட்டுத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டான்.