ஒரு தட்டு என்றால் நில்

சட்டையும் பேண்டும் ஒன்றாய்த் தைத்த பாய்லர் சூட் புத்தம் புதுசு. உறையைக் கிழித்து எடுத்து மூன்று நாள்தான் ஆகிறது. அந்த நாட்களும் வகுப்பறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கொட்டாவி விட்டதிலும், ரப்பர் பொம்மையின் நெஞ்சை அமுக்கி உயிர் கொடுத்துப் பழகியதிலும் போய்விட்டன. ஆனாலும் இடது தோளில் கரி படிந்திருந்தது. ஒரு கையளவுக்கு. பெரியவன் விடுதிக் குழாயடியில் நின்று அதற்குச் சோப்புப் போட்டுக் கசக்கினான், பிழிந்தான், உதறினான், பிறகு யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு மூக்கருகே கொண்டுபோனான். டீசல் ஊற்றிய ஈர விறகு எரிந்தால் தொண்டையைப் பிடிக்குமே ஒரு நெடி, அது. இந்தப் பயிற்சி மையத்தில் விறகே கிடையாது.

வீட்டில் அவன் பெரியவன், சித்தி மகன் சின்னவன். அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் மாடியும் கீழுமாகக் குடியிருந்ததில் பிள்ளைகள் யாருடையவர்கள் என்பதே பல நாள் அக்கம்பக்கத்துக்குக் குழப்பம். சின்னவன் நடக்கத் தொடங்கியதிலிருந்து பெரியவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே திரிந்தவன். சைக்கிள் ஓட்டியது, திருட்டுத்தனமாக மீசை மழித்தது, பரீட்சையில் கணக்கில் கோட்டை விட்டது என்று எல்லாமே அண்ணன் போட்ட வழிதான். அண்ணன் கப்பல் வேலைக்குப் போகிறேன் என்றதும் தானும் போகிறேன் என்று நின்றான். நீச்சல் தெரியாது, கப்பலை முழுசாகப் பார்த்தது காலண்டரில். "அவன் கூட இருக்கான்ல, அப்புறம் எனக்கென்ன கவலை" என்று சித்தி சிரித்துக்கொண்டே பெட்டி கட்டிக் கொடுத்தாள்.

கப்பலில் ஏறுகிறவன் எவனானாலும், வெங்காயம் உரிக்கப் போகிறவனே ஆனாலும், அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்தாக வேண்டும். தண்ணீரில் மிதக்கத் தெரியணும், தீயை அணைக்கத் தெரியணும், புகைக்குள் போய்த் திரும்பி வரத் தெரியணும். அதற்காக அண்ணனும் தம்பியும் ஒன்றரை வருஷத்துக்கு முன் வேறொரு மையத்தில் சேர்ந்தார்கள். டீசல் ஊற்றி ஈர விறகை எரித்துப் புகை போட்ட அறைக்குள் இருவரும் போனார்கள். ஒருவன்தான் நடந்து வெளியே வந்தான். அந்த மையத்தை இழுத்து மூடினார்கள். பெரியவன் எடுத்த பயிற்சி பாதியில் நின்றுபோனதால் இங்கே மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறான்.

இங்கே தீப்பயிற்சி கொடுப்பவர் தீயணைப்புத் துறையில் பாதி ஆயுளைக் கழித்தவர். பையன்கள் அவருக்குப் புகை மாஸ்டர் என்று பேர் வைத்திருந்தார்கள்; அது தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பார்.

"உள்ள உங்க கண்ணுக்கு வேலையே இல்ல" என்றார் அவர் வகுப்பில். "காலைத் தூக்காத, தேச்சுத் தேச்சு நட. வலது புறங்கையால சுவத்தைத் தடவிட்டே போ. இடது கை முன்னாடி போறவன் தோள் மேல. ஒரு தட்டு தட்டினா நில்லு. ரெண்டு தட்டு தட்டினா போ. பின்னாடி இருக்கறவன் நில்லுன்னா நீ நின்னே ஆகணும், எதிர்ல கடன்காரனே வந்தாலும் சரி."

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "பின்னாடி வர்றவனுக்கு முன்னாடி போறவன்தான் பொறுப்பு. வெளிய வந்ததும் நான் உன்னைக் கேக்க மாட்டேன். உன் பின்னாடி வந்தவன் எங்கன்னுதான் கேப்பேன்."

பெரியவன் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினான். கட்டியிருந்ததையே அவிழ்த்துக் கட்டினான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஒரு வெகுளி. எல்லாருக்கும் அவன் கண்ணாடி. "நீ ஏற்கெனவே புகைக்குள்ள போயிருக்கியாமே? எப்படிப்பா இருக்கும்?" என்று கிசுகிசுத்தான்.

"ஒண்ணுமில்ல. இருட்டா இருக்கும். அவ்ளோதான்."

சாயங்காலம் சித்தி போன் செய்தாள். தினமும் செய்வாள். சாப்பிட்டாயா, துணி காய்ந்ததா, சளி எப்படி இருக்கிறது என்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள். அந்தச் சும்மா இருப்பதற்குத்தான் பெரியவன் பயப்படுவான்.

"தப்பா நினைச்சுக்காத. திரும்பத் திரும்பக் கேக்கறேன்னு கோவப்படாத. அவன் ஏன்டா உன் தோள்ல இருந்து கைய எடுத்தான்? ரோட்டைத் தாண்டறதுக்கே உன் சட்டையைப் புடிச்சுக்கற பய."

"பயந்துட்டான் சித்தி. பயத்துல எடுத்துட்டான்."

"ஆமா, ஆமா. பயந்தாங்கொள்ளிதான்" என்றாள். செத்துப்போன பிள்ளையின் மேலேயே குறையைப் போட்டுக்கொண்டு, அவனுக்குப் பதிலாக இவனாவது கரை சேரட்டும் என்று இவனுக்கு உறைபோட்ட புது உடுப்பும் வாங்கிக் கொடுத்த பெண்பிள்ளை. பெரியவனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. சர்டிபிகேட் கைக்கு வரட்டும், நேரே போய் அவள் காலில் விழுந்து நடந்ததைச் சொல்லிவிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டான். அதற்கு முன்பு காரியம் முடியட்டும், வருஷ திவசம் முடியட்டும் என்று நினைத்திருந்தான். தள்ளிப்போடுகிறவனுக்குக் காரணமா கிடைக்காது.

மறுநாள் நீச்சல் குளம். உயிர்காப்பு அங்கி மாட்டிக்கொண்டு, மல்லாந்து மிதந்து, ஒருவன் இடுப்பை அடுத்தவன் காலால் பின்னிக்கொண்டு, எல்லாரும் ஒரே சங்கிலியாகக் கையால் துடுப்புப் போட்டுக் கரை சேர வேண்டும். பெரியவன் தனக்குப் பின்னால் யாரும் வேண்டாம் என்று கடைசி இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டான். குளோரின் வாடையும், தண்ணீர் காதை அடைத்துத் திறக்கும் சத்தமும், கூரைத் தகரத்தில் நெளியும் வெளிச்சமுமாகப் பாதிக் குளம் தாண்டியபோது அவன் இடது தோளில் ஒரு கை வந்து உட்கார்ந்தது. பிடிக்கவில்லை, அழுத்தவில்லை. சும்மா வைத்தது. தண்ணீருக்குள் அது உலர்ந்த கையாக இருந்தது.

ஒரு தட்டு.

அவன் கைகள் தாமாக நின்றுவிட்டன. சங்கிலி கோணிக்கொண்டு சுற்றியது, முன்னால் இருந்தவர்கள் திட்டினார்கள், கரையிலிருந்து விசில் ஊதினார்கள். திரும்பிப் பார்த்தான். தண்ணீர். அதற்கு அப்பால் குளத்தின் நீலச் சுவர்.

அன்று சித்தியின் போனை அவன் எடுக்கவில்லை.

புகை அறை என்பது இரண்டு பழைய கன்டெய்னர்களை ஒட்ட வைத்துப் பற்றவைத்த இரும்புப் பெட்டி. ஒரு பக்கம் நுழைவாசல், மறு பக்கம் வெளிவாசல், நடுவில் பலகைத் தடுப்புகள். மதிய வெயிலில் வெளிப்புறம் தொட்டால் சுடும். புகை மாஸ்டர் ஒவ்வொருவன் முகமூடியையும் இழுத்துப் பார்த்தார், முதுகுச் சிலிண்டரைத் தட்டினார். "இது மெஷின் புகை. ஆளைக் கொல்லாது. மனசுதான் கொல்லும், அதைக் கட்டி வைங்க."

"சார், நான் கடைசியா வர்றேன்" என்றான் பெரியவன்.

"கடைசி ஆளுக்குத் தைரியம் வேணும். இருக்கா?"

தலையாட்டினான். கண்ணாடியின் தோளில் கை வைத்தான். கதவு திறந்து, முன்னால் மூவரும் அவனுமாக நால்வரும் உள்ளே போனதும் சாத்திக்கொண்டது.

முதலில் வெள்ளையாக இருந்தது, இரண்டு திருப்பத்துக்குப் பிறகு எதுவுமாகவும் இல்லை. முகமூடிக்குள் தன் மூச்சு உள்ளே போகும்போது கரகரப்பதும், வெளியே வரும்போது டக்கென்று ஒரு மூடி அடைபடும் ஓசையும், புறங்கையில் உரசிப் போகும் இரும்பின் சூடும், முன்னால் மூன்று ஜோடிக் கால்கள் தரையைத் தேய்த்துப் போகும் சர் சர் என்ற சத்தமும் மட்டுமே மிச்சம். பெரியவன் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போனான். தன் காலை நிறுத்தி ஒரு கணம் கேட்டான். முன்னால் சர் சர். பின்னாலும் சர் சர்.

சிலிண்டர் காற்றில் வாடை வராது. வந்தது. டீசல், ஈர விறகு.

இடது தோளில் கை.

ஒரு தட்டு.

அன்றைக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு தட்டு, பிறகு இன்னொன்று, பிறகு அவசர அவசரமாக, முகமூடி நழுவியவனின் அடைத்த குரலில் அண்ணா, அண்ணா என்று. பெரியவன் அன்று நிற்கவில்லை.

இன்று நின்றான்.

கண்ணாடியின் தோள் கையைவிட்டு நழுவிப் போயிற்று. மூன்று ஜோடிக் கால்களும் தூரமாகி, இல்லாமல் போயின.

"டேய்" என்றான். முகமூடிக்குள் அவன் குரலே அவன் முகத்தில் அடித்தது. "நீ கைய எடுக்கல. நான்தான் உதறினேன். உனக்கு என்னவோ ஆச்சுன்னு தெரிஞ்சுதான் உதறினேன். எனக்குப் பயமா இருந்துச்சுடா. சித்திக்கிட்ட சொல்லிடறேன். இன்னிக்கே சொல்லிடறேன்."

கை அசையவில்லை. காத்திருந்தது.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது, அன்று வெளியே வந்து நின்றபின் நடந்தது. அது அவனுக்கும் தெரியும். சொல்லவில்லை. இந்த இருட்டில், கேட்பவன் இவன் என்று தெரிந்தும், அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"அவ்ளோதான்டா" என்றான்.

கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு இரண்டு தட்டு.

போ.

அழுதுகொண்டே போனான். மன்னித்துவிட்டான், சின்னவன் எப்போதும் இப்படித்தான், அடித்தாலும் அரை மணியில் வந்து ஒட்டிக்கொள்வான். புறங்கையில் சுவர் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு கன்டெய்னர் நீளத்துக்கு ஒரு சுவர் இவ்வளவு தூரம் போகாது. திருப்பமே வரவில்லை. கை மறுபடி இரண்டு தட்டியது. மறுபடி. வெள்ளைப் புகை கருத்துவிட்டது என்பது அந்த இருட்டிலும் எப்படியோ தெரிந்தது. கண் எரிந்தது. காற்று தீரப்போகிறது என்னும் சிலிண்டரின் எச்சரிக்கை விசில் கீச்சிட்டு, மெலிந்து, நின்றது.

இடது கையை முன்னால் நீட்டினான். ஒரு தோள் தட்டுப்பட்டது.

உயிரே திரும்பி வந்தது. கண்ணாடி தனக்காக நின்றிருக்கிறான் என்று நினைத்தான். துணி சொரசொரப்பாக, வியர்வையில் நனைந்து, உள்ளே உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. இவனுக்கு மூச்சு வரவில்லை. தட்டினான்.

ஒரு தட்டு.

தோள் நகர்ந்தது.

மறுபடி தட்டினான். மறுபடி. மறுபடி.

தோள் உதறியது. விடாமல் பிடித்தான். மறுபடி உதறியது. முழங்கை ஒன்று பின்னால் வந்து முகமூடியில் இறங்கியது. வார் அறுந்தது. புகை வாய்க்குள் வந்தது. மண்டியிட்டான். முன்னால் கால்கள் தேய்க்காமல், சட்டத்தையெல்லாம் மறந்து, தடதடவென்று ஓடின. கதவு திறந்தது. ஒரு கீற்று வெயில். அதில் ஒரு முதுகு. ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும் அந்த ஓட்டம், பின்னந்தலையில் அடங்காமல் நிற்கும் அந்த மயிர்ச்சுழி. அம்மா தினம் எண்ணெய் வைத்து அமுக்கும் சுழி. பெரியவனுடைய சொந்த முதுகு.

கதவு சாத்திக்கொண்டது.

கூப்பிட்டான். குரல் வரவில்லை. தோளைத் தொட்டுப் பார்த்தான். அங்கே கை இல்லை. பின்னால் யாருமே இல்லை.

இரும்புச் சுவருக்கு அப்பால், ஒரு கை எட்டும் தூரத்தில், யாரோ கேட்டார்கள். "உன் பின்னாடி வந்தவன் எங்க?"

மூச்சிரைத்தபடி, ஆனால் தடுமாறாமல், பெரியவனின் குரல் பதில் சொன்னது. "பின்னாடியேதான் சார் வந்துட்டிருக்கான். நல்லாத்தான் இருக்கான்."

"சரி, மெதுவா வரட்டும்."

வெளியே யாரோ பெஞ்சை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.