தூணுக்குள் மச்சான்

டெலிபோன் அலறியது!

இன்ஸ்பெக்டர் எடுத்தார்.

"சார்... என் தம்பியைக் காணோம். எங்க வீட்டுக்காரர்தான் கொன்னு, புதுசா கட்டற பள்ளிக்கூடத்துத் தூணுக்குள்ள வச்சுப் பூசிட்டாரு!"

"எந்தத் தூண்மா?"

"அது தெரிஞ்சா நானே கடப்பாரையை எடுத்திருப்பேன். உங்களை எதுக்குக் கூப்பிடறேன்?"

வீட்டுக்காரர் கான்ட்ராக்டர். 'கட்டடச் சக்கரவர்த்தி' என்று தனக்குத் தானே பட்டம் கொடுத்து, தானே கை தட்டிக்கொண்டவர்.

கூரையில்லாத கட்டடத்தில் தூண்கள் மட்டும் விறைப்பாக நின்றன. முதலாளியைப் போலவே.

"தேடுங்க சார், தாராளமா!" என்று இளித்தார் சக்கரவர்த்தி. "ஆனா ஒரே ஒரு தூணைத்தான் உடைக்கலாம். கோர்ட்டு உத்தரவு!"

அவர் மனைவி இன்ஸ்பெக்டரின் காதருகே வந்தாள்.

"தப்பான தூணை உடைச்சீங்கன்னா, நான் இந்த ஆளோட வீட்டுக்குத்தான் திரும்பிப் போகணும் சார்..."

பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்திருந்த இன்ஜினியரம்மா, தூணுக்குள் ஒலியைச் செலுத்தும் கருவியை எடுத்தாள். உள்ளே ஓட்டை இருந்தால் ஒலி சுற்றிக்கொண்டு தாமதமாக வந்து சேரும்.

முதல் தூண்.

"ஓட்டை!"

"கொண்டா கடப்பாரையை!" என்று துள்ளினார் இன்ஸ்பெக்டர்.

"இருங்க சார்." அடுத்த தூண். அதிலும் ஓட்டை! அதற்கடுத்தது... அதிலும்!

"இதுவரைக்கும் பார்த்த எல்லாத் தூண்லயும் ஓட்டை சார்!"

"அடப்பாவி... அத்தனை பேரையா கொன்னான்?"

இன்ஜினியரம்மா அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"காங்கிரீட்டுக்குப் பதிலா காலிச் சாக்கைத் திணிச்சிருக்காரு சார்."

"அதைத்தான் ஊருக்குச் சொல்லப் போறேன்னான் என் தம்பி!" என்று குமுறினாள் மனைவி.

"ஓட்டை இருந்தா என்ன?" சக்கரவர்த்தி நெஞ்சை நிமிர்த்தினார். "புல்லாங்குழல்ல இல்லாத ஓட்டையா?"

"புல்லாங்குழல் மேல யாரும் கூரை போடறதில்லை," என்றாள் இன்ஜினியரம்மா. "ஓட்டை பாரம் சுமக்காது. அதோட பங்கையும் சுத்தி இருக்கற கொஞ்சம் காங்கிரீட்தான் சுமக்கணும். ஓட்டையோட விளிம்புல முதல் விரிசல்... அப்புறம் மொத்தமும் பொடிப்பொடி!"

"பெரிய கண்டுபிடிப்பு! இது தெரியாமலா நான் தொழில் பண்றேன்?"

"ஓ... தெரியுமா?"

அவள் மிச்சமிருந்த மூலைத் தூணில் கருவியை வைத்தாள். மேலே... கீழே... நடுவே...

புன்னகைத்தாள்.

"இதை உடைங்க சார்."

"ஏன், இதுலயும் ஓட்டைதானே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஓட்டைதான். ஆனா இதுல மட்டும்தான் ஓட்டையைச் சுத்தி காங்கிரீட் பாறை மாதிரி இருக்கு. ஆள் உயர ஓட்டை விரிசல் விட்டா மச்சான் வெளியே எட்டிப் பார்ப்பாரேன்னு பயம்! பிள்ளைங்க தலையில கூரை விழுமேன்னு வராத பயம்!"

சக்கரவர்த்தியின் முகம் ஈரச் சிமென்ட் நிறத்துக்கு மாறியது.

கடப்பாரைகள் திணறின. கடைசியில் ஒரு கை தெரிந்தது...

"தம்பீ...!"

கையில் விலங்கு விழுந்தபோது சக்கரவர்த்தி விம்மினார். மச்சானுக்காக அல்ல.

"என் வாழ்நாள்ல ஒழுங்கா கட்டின ஒரே தூண் சார்... அதைப் போய் உடைச்சிட்டீங்களே!"

"கவலையை விடுங்க," என்று முதுகில் தட்டினார் இன்ஸ்பெக்டர். "ஜெயில்ல நிம்மதியா தூங்கலாம். அதை நீங்க கட்டலை!"