தொட்டியில் கிடந்தவர்

1996 ஜூன் மாதத்தில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை முற்பகல், என் மகள் விக்ரோறியா மூன்று நீளக் குழாய்களைச் சுமந்துகொண்டு வந்தாள். இலங்கையை விட்டு வந்து, ஜூனில் குளிர்காலம் வரும் இந்தத் தென்கோள நாட்டில், எப்சமில் நான் வாடகைக்கு இருந்த பழைய பலகை வீடு அது. குழாய்களுக்குள் அகழ்வுக் களத்தில் பென்சிலால் வரைந்த தாள்கள் இருந்தன. ஜோர்தானின் வறண்ட மலையடிவாரத்தில், ஆயிரத்து நானூறு வருடங்களுக்கு முன் கைவிடப்பட்ட ஒரு தேவாலயத்தை அவளுடைய பல்கலைக்கழகக் குழு தோண்டியிருந்தது. தேவாலயத்தை ஒட்டி, திராட்சை இரசம் செய்த கூடம் ஒன்றும் இருந்தது. அந்தக் கூடம் முழுவதும் விக்ரோறியாவின் பொறுப்பு. அதை வைத்தே கலாநிதிப் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தாள்.

நான் இலங்கை நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்தொரு வருடம் படவரைஞராக இருந்தவன். டொமினிக்கின் கையிலிருந்து பொய்க்கோடு விழாது என்று மேலதிகாரிகளே சொல்வார்கள். அந்தத் தாள்களை மையில் வரைந்து தரும்படி அவளுடைய பேராசிரியர் கேட்டபோது, மன்னாரிலிருந்து வந்த எங்கள் குடும்பத்தின் பெயர் ஒரு புத்தகத்தில் ஏறப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

கூடத்தின் அமைப்பு எளிமையானது. கால்களால் பழம் மிதிக்கும் தளம். அதிலிருந்து சாறு வழியும் வாய்க்கால். முடிவில் சாறு சேரும் ஆழமான தொட்டி. தொட்டியின் தாளில், சுண்ணாம்புத் தரைக்குக் கீழே, ஒரு மனிதர் குப்புறக் கிடந்தார். எலும்பு எலும்பாக விக்ரோறியா வரைந்திருந்தாள். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால், மணிக்கட்டோடு மணிக்கட்டு சேர்ந்து இருந்தன.

அவரையும் மையில் வரைந்தேன்.

அடுத்த சனிக்கிழமை வந்தவள் அந்தப் படத்தைப் பார்த்ததும் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அகழ்வுப் பருவத்தின் கடைசி நாளில் அவரைக் கண்டிருக்கிறாள். வரைந்து முடித்துவிட்டு, குழியின் பக்கச் சுவருக்கு முட்டுக் கொடுக்காமல் தேநீர் குடிக்கப் போயிருக்கிறாள். திரும்பி வந்தபோது சுவர் சரிந்து, எலும்புகள் மாவாகிக் கிடந்தன. ஒருவருக்கும் சொல்லாமல் மண் போட்டு மூடிவிட்டாள். தாளைக் கிழிக்க மட்டும் மனம் வரவில்லை. திங்கட்கிழமை பேராசிரியரிடம் சொல்லப்போவதாகச் சொன்னாள்.

“ஆரோ அவரைக் கட்டிப் போட்டு ஒளிச்சு வச்சிருக்கினம் அப்பா. நாங்களும் ஒளிச்சா எப்பிடி?”

சொன்னால் பட்டம் கிடைக்குமா என்று கேட்டேன். அவள் படத்தில் அந்த மணிக்கட்டுகளின் மேல் விரலை வைத்தாள்.

“எங்கட குடும்பத்தில ஒருத்தரும் மற்றவைக்கு முன்னால தலைகுனிஞ்சு நிண்டதில்லை, பிள்ளை.”

அவள் பார்த்துக்கொண்டிருக்கவே மை சுரண்டும் பிளேட்டை எடுத்தேன். தலையிலிருந்து தொடங்கி அவரைச் சுரண்டினேன். மை கறுப்புத் தூளாக எழுந்தது. பாதங்கள் கடைசியாகப் போயின. பென்சில் தாளைக் கணப்பில் போட்டு, அது சாம்பலாகும்வரை நின்றேன்.

மூன்றாம் நாள் வாசனை வந்தது.

புளித்த திராட்சையின் வாசனை. இடதுகாலை இழுத்துக்கொண்டு குசினி, கழிவுக்குழாய், நிலவறை எல்லாம் தேடினேன். பழம் ஒன்றும் இல்லை. பிற்பகல் நான்கு மணி இருக்கும். மழை ஓய்ந்து, ஜன்னல்களில் சாம்பல் நிற வெளிச்சம் தேங்கியிருந்தது. பக்கத்து அறையில் ஓசை கேட்டது.

ஈரமான எதையோ ஒருவர் மெல்ல, நிதானமாக மிதிக்கும் ஓசை.

நான் எழுந்தேன்.

ஓசை நின்றது.

அறையின் பலகைத் தரையில் வெறுங்கால் தடங்கள் இருந்தன. கருஞ்சிவப்பாக, இன்னும் உலராமல். சுவரைப் பிடித்துக்கொள்ளக் கைகள் உதவாத ஒருவர் தள்ளாடியதைப் போல அவை இடமும் வலமும் கோணிக் கிடந்தன. என்னைக் கடந்து, நடைவழியைக் கடந்து, என் வரைமேசைக்கு முன்னால் வந்து முடிந்திருந்தன.

திரும்பிப் போன தடம் இல்லை.

அன்றே அவரை மறுபடி வரைய முயன்றேன். பார்த்து வரைவதற்குத் தாள் இல்லை. நினைவிலிருந்து வைத்த மை, சுரண்டிய இடத்தில் ஒட்டாமல் துளியாகத் திரண்டது. பிறகு உருண்டு, படத்திலிருந்த வாய்க்கால் வழியே மேல்நோக்கி ஏறி, மிதிக்கும் தளத்தில் போய் நின்றது. அதைத் துடைத்துவிட்டு, வெறும் தொட்டியையே பேராசிரியருக்குக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவில்லை. பாவங்களைக் கேட்கும் சுவாமியிடம் சொல்வதென்றால் மகளின் பெயரையும் சொல்ல வேண்டும். இரண்டு வருடங்கள், அநேகமாக ஒவ்வொரு பிற்பகலும், தரையைத் துடைத்தேன்.

1998இல் விக்ரோறியாவுக்குப் பட்டம் கிடைத்தது. அவளும் கணவன் றொய்ஸ்டனும் வங்கியில் மோர்ட்கேஜ் எடுத்து, நகரின் மறுபுறம் பக்குரங்காவில் வீடு வாங்கினார்கள். அவர்கள் குடிபுகுந்த நாளிலிருந்து என் வீட்டில் ஓசை இல்லை. வாசனையும் இல்லை. அவர் போய்விட்டார் என்று நம்பி, பல மாதங்களுக்குப் பின் முழங்காலில் நின்று செபித்தேன்.

அடுத்த மாதம், ஞாயிறு பூசைக்குப் பிறகு, பட்டமளிப்பு விருந்து. பக்குரங்கா வீட்டில் நாற்பது பேர். கலாநிதியின் அப்பா என்று எனக்கு முன்வரிசையில் கதிரை போட்டிருந்தார்கள். கை கழுவ எழுந்து நடைப்பக்கம் போனேன்.

கடைசி அறையின் வாசலில், பட்டுச் சேலையோடு, விக்ரோறியா மண்டியிட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பழைய துவாய்கள் ஒழுங்காக அடுக்கியிருந்தன. கதவு பூட்டியிருந்தது.

“எவ்வளவு நாளா, பிள்ளை?”

“வீட்டுக்கு வந்த நாளிலயிருந்து.” அவள் தலை நிமிரவில்லை. “றொய்ஸ்டனுக்குத் தண்ணிக்குழாய் ஒழுகுதெண்டு சொல்லியிருக்கிறன்.”

நாளைக்கே பேராசிரியருக்குக் கடிதம் எழுதுவதாகச் சொன்னேன். சுரண்டியது நான், பழி என்னோடு போகட்டும் என்றேன்.

அவள் எழுந்து சேலையை நீவிக்கொண்டாள்.

“வேண்டாம் அப்பா. இவ்வளவு சனத்துக்கு முன்னால என்னைத் தலைகுனிஞ்சு நிக்கச் சொல்லுறீங்களோ?”

குரல் அவளுடையதுதான். அழுத்தம் என்னுடையது. துவாயை மடித்து வைத்துவிட்டு, சிரித்த முகத்தோடு விருந்தினரிடம் போனாள்.

நான் கதவில் காதை வைத்தேன்.

உள்ளே மிதித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் இந்த முறை ஒருவர் இல்லை. இருவர்.

இரண்டாமவர் இடதுகாலைத் தூக்காமல், தரையோடு இழுத்து இழுத்து மிதித்தார். பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்த பிறகு, ஏழு வருடங்களாக, நான் நடப்பது அப்படித்தான்.

குனிந்து என் கால்களைப் பார்த்தேன்.

அவை அசையாமல் நின்றன.