காயாத டைல்

தடாகத்தின் அடி முழுவதும் காய்ந்து வெளிறிப்போயிருந்தது. நடுவில் ஒரேயொரு டைல் மட்டும் ஈரமாக இருந்தது. நளீம் அதன்மேல் இன்னொரு பிடி சுண்ணாம்புத் தூளை வீசினான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கஞ்சியாகக் குழைந்தது.

காற்றுக் காலம் தொடங்கிவிட்டது. எத்தாளைக் கடலில் பட்டம் பிடித்துச் சறுக்க வரும் வெள்ளைக்காரர்கள் வெள்ளிக்கிழமை இந்த வீட்டில் வந்து இறங்குவார்கள். அதற்குள் நீச்சல் தடாகம் தயாராக வேண்டும். பாதி ஆயுளை இறால் தொட்டிகளோடு கழித்தவன் நளீம். இறால் தொட்டியென்றால் கடைசிச் சொட்டுவரை இறைத்து, சுண்ணாம்பு தூவி, வெயிலில் காயவிட்ட பிறகுதான் அடுத்த தண்ணீர். தடாகத்துக்கும் அதையே செய்தான். கடல்நீர் தேங்கும் களப்போரத்து நிலம், முழுக்க இறைத்தால் அடியில் நிற்கும் தண்ணீர் தரையை மேலே தள்ளிவிடும் என்று, அதைக் கட்டித் தந்த சிலாபத்து நிக்கொலஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். நளீம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தடாகம் இருக்கும் இடமே அவனுடைய பழைய தொட்டிதானே. நோய் வந்து செத்த இறாலை அள்ளக்கூட மனமில்லாமல் அப்படியே மண் போட்டு மூடிய தொட்டி.

பிற்பகல் அஸர் தொழுதுவிட்டு வந்தபோது அந்த டைலும் அதைச் சுற்றியிருந்தவையும் ஒரு மூடியைப்போல ஒரு பக்கமாகக் கிளம்பியிருந்தன. கீழே ஓர் ஆள் குனிந்து நுழையலாம்போல இருட்டு. களப்புச் சேற்றின் புளித்த வாடையும், மறந்தேபோயிருந்த அந்தச் செத்த இறாலின் நாற்றமும் வெயில் தேங்கிய குழிக்குள் மெல்ல ஏறி வந்து அவன் தொண்டையில் உட்கார்ந்தன. காற்றில் தென்னோலைகள் உரசும் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தமும் கேட்டது. டொக், டொக். கொஞ்சம் நின்று, டொக். தண்ணீர்தான் தள்ளுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனாலும் பயந்தான்.

விளிம்பில் குந்தியிருந்த ஆறு வயது மகள் ஜுமானா எட்டிப் பார்த்தாள்.

“கீழ ஒரு புள்ள இரிக்கி வாப்பா. என்னக் கூப்பிடுது.”

“இந்தப் பக்கம் வரப்படாது. விளங்கிச்சா?”

தலையை ஆட்டினாள். அவளுக்கு எதற்குமே பயமில்லை. அதுதான் அவனுக்குப் பெரிய பயம்.

வாசல் படலையடியில்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். அங்கே போய் நிக்கொலஸோடு கதைத்தான். உடனே தண்ணீரை நிரப்பச் சொன்னான் நிக்கொலஸ். மேலே பாரம் ஏறினால்தான் தரை நிற்குமாம். திரும்பி வந்து பார்த்தால், கிளம்பியிருந்த டைல்கள் யாரோ உள்ளிருந்து இழுத்துச் சாத்தியதுபோல ஒழுங்காகப் படிந்துகிடந்தன. அல்ஹம்துலில்லாஹ் என்றான். விளிம்பில் ஜுமானா இல்லை, சொன்னதைக் கேட்டு உள்ளே போய்விட்டாள் என்று நினைத்து ஓடிப்போய் மோட்டரைப் போட்டான்.

மோட்டரின் இரைச்சலில் வேறெதுவும் கேட்கவில்லை. முழங்கால் அளவு ஏறியது தண்ணீர். வெளிச்சம் மங்கியது. தடாகத்தின் படிக்கட்டில் ஜுமானா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கால்களில் வெள்ளையாகச் சுண்ணாம்பு. கோபத்தோடு அவளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டான். உடம்பு சில்லென்றிருந்தது.

குசினி வாசலில் மனைவி ஷிம்லா தண்ணீர்ப் பானைகளை மூடிக்கொண்டிருந்தாள். அந்தியில் மஃரிபுக்கு முன், ஷைத்தான் அண்டாமலிருக்க, ஒவ்வொரு பாத்திரத்தையும் பிஸ்மி சொல்லி மூடுவாள். பாங்கு சொன்னபின் பிள்ளையை வெளியே விடமாட்டாள். நிலைப்படி தாண்டும்போது தொண்டை கிழியப் பிஸ்மி சொல்வது ஜுமானாவுக்கு விளையாட்டு.

“பிஸ்மி சொல்லிட்டு உள்ள வா மகள்.”

தோளிலிருந்து சத்தமில்லை.

“என்ன மகள்? சொல்லன்.”

பள்ளியில் பாங்கு தொடங்கியது. சட்டென்று கரண்ட் போனது. மோட்டர் நின்றது. பாங்கும் பாதியில் அறுந்தது.

அந்த அமைதியில் கேட்டது. தடாகத்திலிருந்து. தண்ணீருக்கும் கீழேயிருந்து.

டொக். டொக். டொக். டொக். நிற்காமல்.

பிறகு ஒரு குரல். சின்னக் குரல். அவனுக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

“பிஸ்மி... வாப்பா... பிஸ்மி... பிஸ்மி...”

ஷிம்லாவின் கையிலிருந்த மூடி விழுந்து உருண்டது. அவள் தடாகத்தைப் பார்க்கவில்லை. அவன் தோளையே பார்த்தாள்.

நளீம் ஓடத்தான் நினைத்தான். கழுத்தைச் சுற்றியிருந்த கைகள் இறுகின. காதோரம் மூச்சு. செத்த இறாலின் நாற்றம். குளிர்ந்த விரல்கள் அவன் முதுகில் மெதுவாகத் தட்டின.

டொக், டொக்.

கொஞ்சம் நின்று, டொக்.

கரண்ட் வந்தது. மோட்டர் மறுபடியும் இரையத் தொடங்கியது.