மௌனத்திற்குத் தீட்டில்லை

உடன்செவியை மணமேடையின் ஈசானிய மூலையில், குத்துவிளக்கின் அருகே ஒரு பலகையின்மீது வைத்திருந்தார்கள். தேங்காய் அளவினதாகிய அந்தக் கருங்கோளத்திற்கு யாரோ சந்தனம் பூசிக் குங்குமமும் இட்டிருந்தார்கள். அதிலிருந்து ஒரு முதியவரின் மூச்சு, கோழையின் சீழ்க்கையோடு ஏறியிறங்கியவண்ணம் இருந்தது. அம்மூச்சுக்கு உரியவர் படுத்திருந்த கட்டிலோ பதினோர் ஒளியாண்டுத் தொலைவில், பூமியில், பாளையங்கோட்டையில் கிடந்தது.

மணப்பெண்ணின் தந்தை நடேசமூர்த்தி விருந்தினரை வரவேற்கவும் மறந்து அந்த மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தார். அது அவருடைய உடன்பிறந்த தம்பி குற்றாலலிங்கத்தின் மூச்சு. அண்ணனுக்கு வயது ஐம்பது, தம்பிக்குத் தொண்ணூற்றிரண்டு. இருபது வயதில் விண்கலம் ஏறிய நடேசமூர்த்தி, ஐம்பதாண்டுகள் குளிர்துயிலில் முதுமையின்றிக் கிடந்து, புதுப்பொருநைக் குடியேற்றத்தில் கண்விழித்து முப்பதாண்டுகள் ஆயின. பன்னிரண்டு வயதுச் சிறுவனாக விடைகொடுத்த தம்பி அதற்குள் கொள்ளுப்பேரன் கண்டுவிட்டான்.

"தாலி எப்பம் கட்டப்போறிய?" என்றது கோளம்.

"இரு, தம்பி. அவசரப்படாத. பெரியவங்க பேச்சைக் கேளு."

"பெரியவன் யாரு, அண்ணாச்சி? எனக்கு முன்னால பொறந்துட்டு என் பேரன் வயசுல நிக்கிய. வந்து கால்ல விழுங்க, ஆசீர்வாதம் பண்ணுதேன்."

மேடையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். மணப்பெண் உமையாளும் மாலைக்குள் முகம் புதைத்துச் சிரித்தாள்.

இச்சிரிப்பு ஒரு திங்களுக்கு முன் எவராலும் கற்பனை செய்ய இயலாதது. பூமியிலிருந்து எச்செய்தியும் ஒளித்தபாலிலேயே வந்தது. வருவதற்குப் பதினோர் ஆண்டுகள் ஆயின. பின்வந்த கலம் ஒன்று இணைதுகள்களைக் கொணர்ந்தது. ஒரே பிறப்பில் தோன்றிய இரு துகள்களுள் ஒன்று அங்கே அதிர்ந்தால் மற்றது இங்கே அதே நொடியில் அதிரும். இடைவெளி அவற்றிற்கு ஒரு பொருட்டன்று. உடன்செவி முதன்முதலாகத் திறக்கப்பட்ட நாளில் குடியேற்றத்தார் நாலாயிரவரும் ஆற்றங்கரையில் திரண்டு நின்றனர். கோளத்திலிருந்து சடசடவென்று ஓர் ஒலி வந்தது. "திருநெல்வேலியில் இப்போது மழை" என்றார் பொறிஞர். 'இப்போது' என்னும் சொல்லைப் பூமியோடு சேர்த்து முப்பதாண்டுகளாக எவரும் கேட்டதில்லை. வறண்ட செவ்வானத்தின்கீழ் நின்று, நனையாத தலையைப் பலர் முந்தானையால் துடைத்துக்கொண்டனர்.

ஆயினும் அந்த 'இப்போது' தன்னோடு பழைய விதி ஒன்றையும் அழைத்து வந்தது. பங்காளி இறந்த செய்தி காதில் விழும் கணத்தில் தீட்டுத் தொடங்கும். பதினாறு நாள் கோயில் இல்லை, மங்கலம் இல்லை. ஓராண்டு கடந்து கேட்டாலோ ஒரு முழுக்கே போதும். எல்லாச் சாவும் பதினோர் ஆண்டு பழையதாகவே வந்தமையால், புதுப்பொருநையார் பூமியில் மாண்டவர்க்கு ஆற்றில் ஒருமுறை மூழ்கி எழுவதோடு சரி. தலை துவட்டுவதற்குள் துக்கமும் உலர்ந்துவிடும். தாய்க்கும் அவ்வளவே; தமையனுக்கும் அவ்வளவே.

ஓதுவார் சிவக்கொழுந்து தேவாரம் பாடி முடித்தார். தாலித் தட்டு சபையைச் சுற்றி வந்து, கடைசியாகக் கோளத்தின் முன் நின்றது.

"சித்தப்பா, தொட்டு ஆசீர்வதிங்க" என்றாள் உமையாள்.

மூச்சு ஒருமுறை ஏறிற்று, இறங்கவில்லை.

பாளையங்கோட்டை மின்விசிறியின் கிறீச்சொலி கேட்டது. யாரோ ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்ட ஒலியும் கேட்டது. அதன்பின் ஒன்றுமில்லை. கூடத்தில் மற்றவர்க்கு, மாலைக்குள் தலைகுனிந்திருந்த உமையாளுக்கும், நாதசுரமே செவியை நிறைத்திருந்தது. கோளத்தருகே இருந்த நால்வர் மட்டும் அறிந்தனர்: நடேசமூர்த்தி, அவர் மனைவி செங்கமலம், ஓதுவார், பங்காளி சங்கரநயினார்.

நடேசமூர்த்தி கேட்க வாயெடுத்தார். செங்கமலம் அவர் மணிக்கட்டைப் பற்றினாள்.

"கேக்காதிய. கேட்டா உங்க தம்பி மவன் சொல்லிருவான். சொல்லிட்டா தாலி கீழ எறங்கிரும்."

"எந் தம்பி, செங்கமலம்!"

"எம் மவ, பாத்துக்கிடுங்க!"

முன்னெல்லாம் ஒரு கேள்வி போய் விடை திரும்ப இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின. அக்காலத்தில் அவர் கேளாதிருந்ததில்லை. இன்று விடை ஒரு நொடியில் வரும். அவர் ஓதுவார் பக்கம் திரும்பினார். இரக்கத்தோடு அவரைப் பார்த்தார் ஓதுவார், குரலைத் தாழ்த்தினார்.

"சாவுன்னு ஒருத்தர் சொல்லி, அது காதுல விழுந்தாத்தான் தீட்டு. மூச்சு நின்னதைக் கேட்டா என்னன்னு எந்த நூல்லயும் எழுதல."

"அப்ப நான் கேட்டது என்ன, ஓதுவாரே?"

"மௌனம். மௌனத்துக்குத் தீட்டு கெடையாது." அவர் கையை உயர்த்தினார். "கெட்டிமேளம்!"

மேளம் முழங்கிற்று. தாலி ஏறிற்று. அட்சதை மழையில் சில மணிகள் கோளத்தின்மேலும் விழுந்தன.

கூட்டம் பந்திக்கு எழுந்ததும் நடேசமூர்த்தி கோளத்தின்முன் மண்டியிட்டார். தம்பி மகன் மாணிக்கவாசகத்தின் குரல், அறுபது கடந்த குரல், கேட்டது.

"பெரியப்பா, தாலி ஏறிட்டா?"

"ஏறிட்டுப்பா. இப்பச் சொல்லு."

"அப்பா வந்து..."

சங்கரநயினாரின் அங்கவஸ்திரம் கோளத்தின்மேல் விழுந்தது.

"அண்ணாச்சி, கும்பிட்டுக் கேக்கேன். எம் மவனுக்கு இருபத்திரண்டாம் தேதி முகூர்த்தம். நாம எல்லாம் ஒரே பங்காளிக. தை மட்டும் முடியட்டும்."

நடேசமூர்த்தி இசைந்தார். தை முடிந்தது. மாசியில் மற்றொரு வீட்டில் வளைகாப்பு. பங்குனி உத்திரத்தன்று குலம் முழுதும் சாஸ்தாவுக்குப் பொங்கலிட வேண்டும். சித்திரையில் காதுகுத்து. முந்நூறு பேர் கொண்ட குலத்தில் மங்கலம் இல்லாத பதினாறு நாள் வாய்க்கவே இல்லை.

ஓதுவாரின் தீர்ப்பு அதற்குள் ஊரெங்கும் பரவிவிட்டது. கூறியவர் கருணையால் கூறினார். கேட்டவர் அதனைச் சட்டமாக்கிக்கொண்டனர். உடன்செவிக் கூடத்தில் நாள்தோறும் வரிசை நின்றது. பூமியில் ஒரு குரல் தயங்கினால் இங்கே இருப்பவர் உடனே விலைவாசி பேசினார், மழை பேசினார். அதற்கும் மறுமொழி இல்லையேல் கோளத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு எழுந்து போனார். ஆண்டு ஒன்று நிறைந்தபோது குடியேற்றத்தின் பதிவேட்டில், உடன்செவி வழியே வந்த சாவு ஒன்றுகூட இல்லை. நாலாயிரவரின் உறவினர் அனைவரும் பூமியில் உயிரோடு இருந்தனர். சிலருக்கு வயது நூற்றுப்பத்தைக் கடந்திருந்தது.

உண்மையோ வேறொரு வழியில் வந்துகொண்டிருந்தது. மாணிக்கவாசகம் அன்றே எழுதிய ஒளித்தபால் சூரியனின் எல்லையைக் கடந்து, விண்மீன்களுக்கு இடைப்பட்ட பேரிருளில், எச்சபையாலும் நிறுத்தவியலாத வேகத்தோடு விரைந்தது. இன்னும் பத்தாண்டுகள். அது வந்து சேரும் நாளில் ஒரு முழுக்குப் போதும்.

சாவு நேர்ந்து ஓராண்டு நிறையச் சில நாளே இருந்த ஒரு திங்கட்கிழமை முற்பகலில் நடேசமூர்த்தி உடன்செவிக் கூடத்திற்குச் சென்று அமர்ந்தார்.

"மாணிக்கம்."

"பெரியப்பா."

"இன்னைக்கு..." என்று தொடங்கினார். திதி அவருக்குத் தெரியும். அங்கே பிண்டமிட்டு எழுந்த கையோடு அவன் அமர்ந்திருப்பான் என்பதும் தெரியும். "இன்னைக்கு அங்க என்ன சமையல்?"

"வாழைக்காப் பொரியல், பெரியப்பா. பெரண்டைத் தொவையல்." சற்று நிறுத்தி, "எள்ளுருண்டை" என்றான். திவசத்துச் சமையல் அது.

பதினோர் ஒளியாண்டுப் பெருவெளியை அணுவளவும் பிந்தாமல் தாண்டி, மௌனம் வந்து சேர்ந்தது. அதனுள்ளிருந்து ஒரு விம்மல் எழுந்தது. ஐம்பத்தொரு வயதுப் பெரியப்பாவும் அறுபது கடந்த மகனும், இரு வேறு சூரியன்களின் கீழே, இன்னதற்கென்று சொல்லாமல் ஒரே கணத்தில் அழுதனர்.

வரிசையில் அடுத்து நின்ற ஓதுவார் சிவக்கொழுந்து அதனைக் கேட்டார். சாவழுகையைக் கேட்டாலும் தீட்டு உண்டு என்று நூலில் இருந்தது, அவருக்கும் அது தெரியும். நடேசமூர்த்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"ஓதுவாரே..."

ஓதுவார் கைகூப்பினார். "கேட்டுராதிய, அண்ணாச்சி" என்றார்.